ஆசனம் என்றால் இருக்கை: 48 நாள் காலைச் சாதகம்

ஆசனம் என்ற சொல்லுக்கு இருக்கை என்றுதான் பொருள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்தைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்: அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும். உடம்பைக் கயிறு திரிப்பது மாதிரி முறுக்கச் சொல்லி அவர் எங்கும் எழுதவில்லை. வளைவதும் நிமிர்வதும் நன்றாக உட்காருவதற்காக. உட்காருவது மூச்சு சீராவதற்காக. மூச்சைச் சீராக்குவது மனசு அடங்குவதற்காக. அடங்கின பிறகு மிஞ்சுவதை ஆன்மா என்பதா, சிவம் என்பதா, வேறு பெயர் சொல்வதா என்பது அவரவர் வீட்டு வழக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வளைவதிலேயே நின்றுவிடுவதுதான் இன்று பெரும்பாலும் நடக்கிறது.

திருநெல்வேலிச் சீமைக்கு இது வெளியூர்ச் சரக்கும் இல்லை. மேற்கே பொதிகை அகத்தியர் மலை. ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது சேரன்மகாதேவிக்குப் பக்கத்துப் பத்தமடையில். கோரைப் பாய்க்குப் பேர்போன அதே பத்தமடைதான். தாமிரபரணி ஆறு கிழக்கே போய்க் கடலைத் தொடுமுன் ஆழ்வார்திருநகரி. அங்கே புளியமரப் பொந்தில் நம்மாழ்வார் 16 ஆண்டு யோகத்தில் அமர்ந்திருந்தார் என்கிறது வைணவ மரபு. கவனிக்க: அமர்ந்திருந்தார். தலைகீழாக நின்றார் என்று யாரும் சொல்லவில்லை.

கீழே இருப்பது ஒரு மண்டலத்துக்கான, அதாவது 48 நாளுக்கான சாதக (பயிற்சி) முறை. தினம் ஒரு மணி நேரம். ஆசனம் 25 நிமிஷம், சவாசனம் (மல்லாந்து படுத்துத் தளர்வது) 5, மூச்சு 10, உட்காருதல் 20. முதல் பத்து நாளுக்கு முக்கால் மணி போதும். உட்காருவதை 5 நிமிஷத்தில் தொடங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

முதலில் யார் பொறுக்க வேண்டும்

இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), குடலிறக்கம், வலிப்பு, கழுத்து அல்லது இடுப்பு எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், ஆறு மாதத்துக்குள் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் செய்வதற்கு முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல் என்றால் அன்றைக்குச் சாதகம் அத்தோடு முடிந்தது. ‘இன்னும் ரெண்டு ஆசனம்தானே’ என்று இழுக்க வேண்டாம்.

நேரமும் முந்தின ராத்திரியும்

ஒரு முகூர்த்தம் 48 நிமிஷம். சூரியன் உதிப்பதற்கு இரண்டு முகூர்த்தம், அதாவது 96 நிமிஷம் முன்னால் பிரம்ம முகூர்த்தம் தொடங்குகிறது. உதயம் 6:10 என்றால் 4:34 முதல் 5:22 வரை. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்துக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்தாலே வெயில் ஏறுமுன் எழுந்துவிடலாம். நம் ஊரில் சித்திரை வைகாசியில் ஏழு மணி வெயிலுக்கே உடம்பு கசகசத்துப் போகும் என்பதால் இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு.

காலையைக் கெடுப்பது பெரும்பாலும் முந்தின ராத்திரிதான். பத்து மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவர் ஐந்து மணிக்குக் குனிந்தால் நெஞ்சுக்கு எரிச்சல்தான் ஏறும். மைதாவும் எண்ணெயும் இரைப்பையை விட்டு இறங்க நேரம் பிடிக்கும். ஏழரைக்குள் மூன்று நான்கு இட்லியோ, கொஞ்சம் ரசஞ்சோறோ சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். மாலையில் செய்கிறவர்களுக்கும் கணக்கு இதுதான்: முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி நேரம், காபி பலகாரத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்ட நாளில் மாலைச் சாதகத்தை மூச்சோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

எழுந்ததும் ஒரு தம்ளர் வெந்நீர். வயிறு கழிந்த பிறகே பாயை விரிக்க வேண்டும். மலம் கட்டியிருக்கும்போது வயிற்றை அமுக்கும் ஆசனங்களைச் செய்தால் அடிவயிறு வலிக்கும், தலை கனக்கும்.

இடம், பாய், உடுப்பு

தட்டட்டி (மொட்டை மாடி) நல்லது, பனி இல்லாத மாதங்களில். ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டின் முன்கட்டான தார்சாவுக்குள் வந்துவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். வியர்த்த முதுகில் காற்று பட்டால் சதை இறுகும். கொசுவுக்கு வலை கட்டிக்கொண்டு உள்ளே உட்காருவதில் ஒரு குறையும் இல்லை. கொசுவர்த்திப் புகைக்குள் மூச்சுப் பயிற்சி செய்வதுதான் தப்பு.

பத்தமடைப் பாயில் மெல்லிய பட்டுப் பாய் ஒன்று உண்டு, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்வது. அது சாதகத்துக்கு ஆகாது. மொசைக் தரையில் வழுக்கும், ஓரம் சீக்கிரம் பிரிந்துவிடும். சாதாரண முரட்டுக் கோரைப் பாய் வாங்கி, அதன் மேல் பருத்திப் போர்வையையோ ஜமுக்காளத்தையோ விரித்துக்கொள்ள வேண்டும். நின்று செய்யும் ஆசனங்களுக்குப் பாயை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் நிற்பதே பத்திரம். பாயை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும்; மடித்த இடத்தில் கோரை ஒடியும். சோப்புத் தண்ணீரில் ஊறப் போடாமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் வருஷக்கணக்கில் வரும். கடையில் விற்கிற ரப்பர் விரிப்பு வழுக்காதுதான். ஆனால் கோடையில் கையோடு ஒட்டிக்கொண்டு வாடை அடிக்கும். பழைய நூல்களில் மான் தோல், புலித் தோல் என்று படித்துவிட்டுத் தேடிப் போக வேண்டாம். 1972-ஆம் வருஷ வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்தால் காலைப் பின்னால் எறியும்போது சிக்கி விழ நேரும். தளர்ந்த கால்சட்டையோ சுடிதாரோ போதும், நாடாவை வயிற்றில் இறுக்கிக் கட்டாமல்.

ஆற்றங்கரையில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்குத்துறைப் படித்துறையிலோ பாபநாசத்திலோ விடிகாலைக் காற்று அருமையாகத்தான் இருக்கும். ஆனால் பாசி பிடித்த கல்லில் நின்று ஆசனம் கூடாது. அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் மட்டம் சட்டென்று ஏறும்; கண்ணை மூடி உட்காருகிறவர் தண்ணீரை விட்டு நன்றாக மேலே, மண்டபத்தில் உட்கார வேண்டும். குளித்த உடனே குனியக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் சதை இறுகியிருக்கும். துவட்டிக் கால் மணி நேரம் நடந்துவிட்டுத் தொடங்கலாம். முடித்த பிறகு குளிப்பதானால் வியர்வை அடங்க அரை மணி விட வேண்டும். குற்றாலத்தில் அருவி தலையிலும் பிடரியிலும் அடி அடியென்று அடித்த நாளில் கழுத்தை வளைக்கும் எதுவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளிலும் ஆசனத்தை விட்டுவிட்டு மூச்சும் இருப்பும் மட்டும்.

இயமம், நியமம்

யோகத்தின் எட்டு உறுப்பில் முதல் இரண்டு இவை: விலக்க வேண்டியதும் கடைப்பிடிக்க வேண்டியதும். பதஞ்சலி ஐந்தைந்தாகச் சொல்கிறார், திருமூலர் பத்துப் பத்தாக. திருமூலரின் இயமப் பட்டியலில் கொல்லாமை, பொய்யாமை, களவின்மையோடு பகுத்துண்ணலும் கள்ளுண்ணாமையும் வருகின்றன. பகிர்ந்து சாப்பிடுவது யோகத்தின் முதல் படியில் இருப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

பத்தையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் பத்தும் நழுவும். மண்டலத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக. ‘கோபப்பட மாட்டேன்’ என்பதை எண்ண முடியாது. ‘வீட்டில் சத்தம் போட்டால் அன்றைக்கே போய்ப் பேசிவிடுவேன்’ என்பதை எண்ணலாம். இதை நல்லொழுக்கப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தின நாள் சண்டை காலையில் கண்ணை மூடியதும் முதல் ஆளாக வந்து உட்காரும். அது வராமல் இருப்பதற்கான முன்வேலை இது.

ஆசனம்: 25 நிமிஷம்

நெல்லையில் ‘பைய’ என்று ஒரு சொல் உண்டு. பைய நட, பையச் சாப்பிடு. ஆசனத்துக்கு அதைவிடப் பொருத்தமான கட்டளை கிடையாது. மூச்சு எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நேரத்தில் உடம்பு அசைய வேண்டும்.

முதல் ஐந்து நிமிஷம் கணு தளர்த்தல். கரண்டைக்காலை இரு பக்கமும் ஐந்து சுற்று, கால்முட்டை மடக்கி நீட்டுதல் ஐந்து தடவை, தோளை முன்னும் பின்னும் ஐந்து. கழுத்தை முழுவட்டமாகச் சுற்ற வேண்டாம். இடம், வலம், கீழே மட்டும் போதும். பின்னால் சாய்த்துச் சுற்றும்போது தலைசுற்றல் வரும்.

அடுத்து சூரிய நமஸ்காரம், பன்னிரண்டு நிலை. கைகூப்பி நிற்கையில் மூச்சை விட்டு, கையைத் தூக்கிச் சற்றே பின்னே சாய்கையில் வாங்கி, குனிகையில் விட்டு, வலக்காலைப் பின்னே எறிகையில் வாங்கி, இரு காலும் பின்னே போய்ப் பலகை மாதிரி நிற்கையில் நிறுத்தி, முட்டும் நெஞ்சும் தாடையும் தரையில் படுகையில் விட்டு, பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குகையில் வாங்கி, இடுப்பை மலை மாதிரி உயர்த்துகையில் விட்டு, வலக்காலை முன்னே கொண்டுவருகையில் வாங்கி, குனிந்து விட்டு, நிமிர்ந்து வாங்கி, கையை இறக்கி விட வேண்டும். அடுத்த தடவை இடக்கால். இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று, இரண்டு நிமிஷம் பிடிக்கும். முதல் பத்து நாள் இரண்டு சுற்று, பிறகு மூன்று, கடைசி மூன்று வாரம் நான்கு. அக்கினி நட்சத்திர நாட்களில் இரண்டுக்கு மேல் போக வேண்டாம்.

இதில் நடக்கும் தப்பு இரண்டு. ஒன்று, குனியும்போது கால்முட்டை விறைப்பாக வைத்துக்கொண்டு கையைத் தரைக்கு இழுப்பது. பின்தொடை இறுகியவர்களுக்கு அந்த இழுப்பு முழுக்க அடிமுதுகில் போய் விழும். முட்டைத் தாராளமாக மடக்குங்கள். வயிறு தொடையில் படுவதுதான் குறி, கை தரையில் படுவதில்லை. இன்னொன்று, பாம்பு நிலையில் தோளைக் காது வரை தூக்கிவிடுவது. முழங்கையைச் சற்று மடக்கி, தோளைக் கீழே இறக்கினால் கழுத்து வலி வராது. பலகை நிலையில் மூச்சு முட்டினால் நிறுத்தாமல் சாதாரணமாக விடலாம்.

பிறகு நான்கு ஆசனம் போதும். புஜங்காசனம் (அதே பாம்பு நிலை) ஐந்து மூச்சு, தொப்புள் தரையை விட்டு எழாமல். சலபாசனம், குப்புறப் படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்கி மூன்று மூச்சு. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது இரண்டாவது மாதத்து வேலை. பச்சிமோத்தாசனத்துக்கு மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்காலைச் சுற்றித் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். முதுகைக் கூன் போட்டுத் தலையை முட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கமான தப்பு. கூனில் முள்ளெலும்புகளின் முன்பக்கம் நெருங்கி நடுவிலிருக்கும் டிஸ்க் என்ற வட்டைப் பின்னால் தள்ளும், இடுப்பு வலிக்காரர்களுக்கு அங்கேதான் நரம்பு பிடித்துக்கொள்ளும். தலை எங்கே நின்றாலும் பரவாயில்லை, பத்து மூச்சு. கடைசியாக உட்கார்ந்தபடி முதுகைத் திருப்பும் அர்த்த மச்சேந்திராசனம், பக்கத்துக்கு ஐந்து மூச்சு. ஒவ்வொரு வெளிமூச்சிலும் கொஞ்சம் திரும்பி, உள்மூச்சில் முதுகை நிமிர்த்துங்கள். கையை நெம்புகோலாக்கித் திருகினால் விலா பிடித்துக்கொள்ளும்.

சிரசாசனம் இந்தப் பட்டியலில் இல்லை. சிவானந்தர் வழியில் அதற்குப் பெரிய இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உடம்பின் பாரம் முன்கையில் நிற்க வேண்டிய ஆசனம் அது. தோளில் பலம் இல்லாதவருக்குப் பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும். பக்கத்தில் நின்று பிடிக்கிற ஆசிரியர் இல்லாமல் சுவரை நம்பிச் செய்ய வேண்டாம். சுவரில் காலை ஏற்றி மல்லாந்து மூன்று நிமிஷம் படுத்தால் கால் அசதி போகிறது, அது போதும்.

பின்னர் சவாசனம் ஐந்து நிமிஷம். காலை ஒன்றரை அடி அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, தலைக்கு மெல்லிய துண்டு. குதிகாலில் தொடங்கி நெற்றி வரை ஒவ்வோர் இடமாகத் தளர விட வேண்டும். குறட்டை வந்தால் முந்தின ராத்திரி தூக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

உட்காரும் விதம்

இங்கே நேரம் செலவழிக்கத் தயங்க வேண்டாம். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டு இடுப்பை விட உயரமாக நின்றால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், முதுகு கூனும், பத்தாவது நிமிஷத்தில் வலி வரும். அதற்கு மருந்து உயரம்தான். ஜமுக்காளத்தை மடித்து நான்கு விரல் உயரத்துக்கு வைத்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். போதவில்லை என்றால் மணைப் பலகை, அதன் மேல் மடித்த துண்டு. முட்டு இடுப்புக்குக் கீழே வரும்வரை உயர்த்திக்கொண்டே போகலாம். உயரம் வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. முட்டு அந்தரத்தில் தொங்கினால் அதன் கீழும் ஒரு சுருட்டிய துண்டை வைத்துவிடுங்கள்.

பத்மாசனத்துக்கு அவசரப்பட்டு முட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. முட்டு கதவுக் கீல் மாதிரி. ஒரு பக்கமாக மடங்கும், அதிகம் திருகாது. திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது திரும்பாதபோது பாதத்தைக் கையால் தூக்கித் தொடை மேல் வைத்தால் அந்தத் திருகல் முட்டில் விழும். முட்டின் உள்பக்கம் ‘சுருக்’ என்றால் அந்தக் கணமே இறக்க வேண்டும். சுகாசனமே போதும், திருமூலர் சொல்லும் ஆசனங்களில் பங்கயத்தோடு சுகாதனமும் இருக்கிறது. தரையில் உட்கார முடியாத பெரியவர்கள் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், பாதம் முழுக்கத் தரையில் பதிய உட்காரலாம். பாதம் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை.

கால் மரத்துப்போவது நரம்பு அமுங்குவதால் வருவது. உயரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் தீரும். எந்தக் கால் உள்ளே, எந்தக் கால் வெளியே என்பதை நாள் மாற்றி நாள் மாற்றிக்கொள்ளுங்கள். மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடந்தால் கரண்டைக்கால் மடிந்து சுளுக்கும்.

தாடை சற்றே உள்ளே, தோள் தளர்ந்து, கை தொடை மேல். பல்லைக் கடிக்காமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பலரும் கடித்துக்கொண்டுதான் தியானம் செய்கிறார்கள்.

மூச்சு

முதல் பத்து நாள் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு கையைத் தொப்புள் மேல், ஒரு கையை நெஞ்சு மேல் வைத்து, கீழ்க்கை மட்டும் எழுந்து தாழும்படி ஐந்து நிமிஷம். மேல்கை ஆடினால் மூச்சு தோளில் நிற்கிறது. படுத்துச் செய்தால் சீக்கிரம் பிடிபடும்.

பதினோராம் நாளிலிருந்து நாடி சுத்தி. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலமூக்கையும் மோதிரவிரலால் இடமூக்கையும் தொடுங்கள். எலும்பை அழுத்த வேண்டாம், அதன் கீழே சதை தொடங்கும் இடத்தில் தொட்டால் போதும். இடதில் வாங்கி வலதில் விட்டு, வலதில் வாங்கி இடதில் விட்டால் ஒரு சுற்று. மூன்று நாள் 4 எண்ணி வாங்கி 4 எண்ணி விடுங்கள். அடுத்த நான்கு நாள் 4-க்கு 6. பிறகு 4-க்கு 8. ஒரு எண்ணுக்குச் சுவர்க் கடிகாரத்தின் ஒரு டிக். எண்ணிக்கைக்கு இடக்கை விரல் கணுக்கள்: நான்கு விரலில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு, கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போனால் 4-ம் 8-ம் சேர்ந்து ஒரு மூச்சு சரியாக முடியும். பத்துச் சுற்றுக்கு நான்கு நிமிஷம். சளி பிடித்து ஒரு மூக்கு அடைத்திருக்கும் நாளில் வம்பு செய்ய வேண்டாம், இரண்டு மூக்கிலும் சேர்த்தே வாங்கி விடலாம்.

கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்துவது, இந்த 48 நாளில் இல்லை. திருமந்திரத்தில் கணக்கு நேராகவே இருக்கிறது: 16 மாத்திரை வாங்கி, 64 நிறுத்தி, 32-இல் விட வேண்டும். அதைப் படித்துவிட்டு மறுநாளே தொடங்குகிறவர்கள் உண்டு. கூட்டிப் பாருங்கள், 112 மாத்திரை. இலக்கணத்தில் மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம். கடிகார டிக்கை ஒரு மாத்திரையாக வைத்தால், ஒரு மூச்சுக்கு இரண்டு நிமிஷத்துக்கு எட்டு விநாடிதான் குறைவு. அது நெடுங்காலம் சாதகம் செய்து, குருவின் பார்வையில் வந்து சேர வேண்டிய இடம். காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவர் இல்லை என்று அதே திருமூலர் வருத்தப்படவும் செய்கிறார்.

மிஞ்சிப் போனதற்கு அடையாளம் எளிது. அடுத்த மூச்சை அவசரமாக இழுக்கத் தோன்றினால் எண்ணிக்கை அதிகம். காது அடைப்பு, நெஞ்சு படபடப்பு, பகலில் காரணமில்லாத எரிச்சல், ராத்திரி தூக்கம் வராமை எல்லாம் அந்த வகையே. இரண்டு எண் குறைத்து ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். வேகவேகமாக வயிற்றை உதைத்து மூச்சு விடும் கபாலபாதி இந்த முறையில் சேராது. வெயில் காலத்தில் வேண்டுமானால் நாடி சுத்திக்குப் பின் நாக்கைக் குழலாகச் சுருட்டி ஐந்து தடவை சீதளி செய்யலாம், புழுதி பறக்கும் ரோட்டோரமாக இல்லாவிட்டால்.

உள்ளே திரும்புதல்

மூச்சு முடிந்த கையோடு இடத்தை விட்டு எழாமல் உட்காருவதைத் தொடர வேண்டும். இடையில் செல்போனைப் பார்த்தால் பத்து நிமிஷ வேலை போச்சு.

முதல் மூன்று நிமிஷம் கேட்பது மட்டும். முதல் பஸ்ஸின் ஆரன், டீக்கடைப் பாட்டு, கோயில் மணி, மார்கழியானால் ஒலிபெருக்கியில் திருப்பாவை. சத்தம் இல்லாத இடம் தேடிப் போனால் கிடைக்காது. தூரத்துச் சத்தத்தை முதலில் கேட்டு, அடுத்து தெருவில் கேட்பது, அடுத்து வீட்டுக்குள், கடைசியில் தன் மூச்சின் சத்தம். இப்படி வெளியிலிருந்து பைய உள்ளே வருவதுதான் பிரத்தியாகாரம். சத்தத்தோடு மல்லுக்கு நின்றால் அதுவே பெரிதாகும்.

பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாரணைக்கு. சைவர்களுக்கு ஐந்தெழுத்து, வைணவர்களுக்கு எட்டெழுத்து. பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ இருக்கிற கிறிஸ்தவருக்கோ இஸ்லாமியருக்கோ அவர் வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட வேண்டுதல் சொல். எதுவும் வேண்டாதவருக்கு நாசி நுனியில் மூச்சு உரசும் இடம். 48 நாளும் ஒன்றையே பிடிக்க வேண்டும். வாரத்துக்கொன்று மாற்றுவது ஐந்தடிக்கொரு இடத்தில் கிணறு தோண்டுவதற்குச் சமம்.

நூற்றெட்டு மணி மாலை இருந்தால் நல்லது. நடுவிரல் மேல் வைத்துக் கட்டைவிரலால் நகர்த்துங்கள், மாலையின் தலைமணியான மேரு மணி வந்ததும் தாண்டாமல் திரும்புங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு நாமம் என்றால், நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு விடுபவருக்கு ஒரு சுற்று ஒன்பது நிமிஷம். நாலு நிமிஷத்தில் முடிந்தால் நாமம் மூச்சை விட்டு ஓடுகிறது.

மனசு மிகவும் அலையும் நாளில் விளக்கைப் பார்க்கலாம். அகல் விளக்கில் நல்லெண்ணெய் விட்டு, கை நீட்டும் தூரத்தில், கண் மட்டத்துக்கு வைக்க வேண்டும். காற்று ஆடக் கூடாது. ஒரு நிமிஷம் சுடரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, உள்ளே தெரியும் நிழலைப் பாருங்கள். மூன்று தடவை. கண்ணில் நீர் வழிய வழியப் பார்ப்பது வீரமில்லை. கண் நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

மனசு ஓடும். ஓடினதைக் கவனித்த கணம்தான் வேலை. திட்டிக்கொள்ளாமல் நாமத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு இருப்பில் ஐம்பது தடவை திரும்பினால் ஐம்பது தடவை சாதகம் நடந்தது. அப்படிப் பிடித்தது விட்டுப் போகாமல் எண்ணெய் ஒழுக்கு மாதிரி நீள்வதைத்தான் தியானம் என்கிறார்கள். அதைச் செய்ய முடியாது, வரும்போது இடைஞ்சல் செய்யாமல் இருக்கலாம்.

மூன்றாவது வாரத்தில் சிலருக்கு வெளிச்சம் தெரியும், உடம்பு ஊசலாடுவது போலிருக்கும், அழுகை வரும். அதைத் துரத்தவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், பக்கத்து வீட்டில் சொல்லவும் வேண்டாம். ஆனால் பகலிலும் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே வராதது, பயம் விடாமல் பிடிப்பது என்றால் சாதகத்தை நிறுத்திவிட்டு மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘குண்டலினி ஏறுகிறது’ என்று சொல்லி யாராவது தடுத்தால் கேட்க வேண்டாம்.

தூக்கம் வந்தால் கண்ணைக் கால்வாசி திறந்து தரையைப் பாருங்கள். அரிப்பு வந்தால் மூன்று மூச்சு பொறுங்கள், பெரும்பாலும் போய்விடும். எறும்பு கடித்தால் தட்டிவிடலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை.

விட்டுப்போன நாளும் நோட்டும்

ஒரு நாள் தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டாம். அன்று மாலை கால் மணி நேரம் உட்கார்ந்தால் கணக்கு சேரும். மூன்று நாள் தொடர்ந்து விட்டால் மூச்சு எண்ணிக்கையை ஒரு படி இறக்கித் தொடருங்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களில் சூரிய நமஸ்காரத்தையும் சுவரில் கால் ஏற்றுவதையும் விட்டு, விருப்பம்போல் மூச்சும் இருப்பும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தினம் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை நிமிஷம் கால் மாற்றாமல் உட்கார்ந்தது, மூச்சு எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட விரதம் நின்றதா. அனுபவம் எழுத வேண்டாம். எழுதத் தொடங்கினால் மறுநாள் எழுதுவதற்காக அனுபவம் வரும்.

முடிக்கும்போது மணி அடித்த உடனே எழாதீர்கள். உள்ளங்கையைத் தேய்த்துக் கண் மேல் வைத்து, காலை நீட்டிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டு, இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து, பாயைச் சுருட்டி வையுங்கள். அரை மணி கழித்து நீராகாரமோ, கிடைக்கிற மாதங்களில் பதநீரோ குடிக்கலாம். காபி அதற்கும் பிறகு.

நாற்பத்தெட்டாம் நாள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்து, வேறொருவரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இருபது நிமிஷம் கால் மாறாமல், முதுகு கூனாமல், மூச்சு எழும்பாமல் இருந்தால் அடுத்த மண்டலத்தில் உட்காருவதை அரை மணியாக்கி, ஆசனத்தைக் கால் மணியாகக் குறைக்கலாம். கால் மாறினால் ஆசனத்தைக் கூட்ட வேண்டாம். இருக்கையை இன்னும் இரண்டு விரல் உயர்த்தி, இருபத்தைந்தாம் நாளிலிருந்து மறுபடி செய்யுங்கள்.